யாருடைய சிரிப்பு?

சென்ற ஆண்டின் இரண்டாம் தவணைப் பரீட்சையில் ஒரு மாணவியின் விடையை நாம் பிழையென்று சிவப்பு மையாற் கோடிட்டோம். பி.எச்.பி. என்னும் எழுத்துச் சுருக்கத்தின் விரிவைத் தருக என்பது வினா. இரண்டு புள்ளி. எம் கையிலிருந்த குறிப்பேட்டில் ‘பேர்சனல் ஹோம் பேஜ்’ என்றிருந்தது. அப்பெண்ணோ, ‘பி.எச்.பி. ஹைப்பர்டெக்ஸ்ட் பிரீபுரொசெஸர்’ என்றெழுதியிருந்தாள். விரிவு கேட்டால் சுருக்கத்தையே முதற்சொல்லாக வைத்து எழுதுவது எவ்வகை விடை? நாயென்றால் என்னவென்று கேட்டவனுக்கு, நாயென்பது வாலுள்ள நாய் என்று சொல்வதுபோலன்றோ இது!

நாம் தமிழ் படித்தவர். கணினிப் பாடத்துக்கு ஆசிரியரில்லாது இரண்டு தவணைகள் கழிந்துவிட்ட ஒரு பாடசாலையில், தட்டெழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியினால் அவ்வகுப்பு எம் தலையில் விழுந்தது. மலையகத்துப் பாடசாலைகளை அறிந்த வாசகர்க்கு இதில் வியப்பிராது. விடைத்தாள் திரும்பியபோது அப்பெண் எழுந்து நின்று, “சேர், அது அப்படித்தான் சேர்” என்று மட்டும் சொன்னாள். கொழும்பிலே கடையொன்றில் நிற்கும் அண்ணன் அனுப்பிய பழைய கையடக்கத் தொலைபேசியில் பார்த்ததாகச் சொன்னாள். நாம் உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தாள். லயத்துப் பிள்ளைகள் இரண்டாம் முறை வாதாடுவதில்லை. அவர்களை அப்படி வளர்த்தவர்களுள் நாமும் ஒருவர்.

அன்றிரவு தேடிப் பார்த்தபோது அவள் எழுதியதே சரியென்பது விளங்கிற்று. ராஸ்மஸ் லேர்டோர்ப் என்பவர் 1995இல் வெளியிட்ட அக்கருவிக்கு முதலில் இட்ட பெயர் எம் குறிப்பேட்டில் உள்ளதுதான். 1998இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது விரிவை மாற்றினர். சுருக்கத்தின் முதலெழுத்துக்கு விரிவு கேட்டால் அச்சுருக்கமே மீண்டும் வரும். அதற்கு விரிவு கேட்டால் மறுபடியும் அதுவே. எதிரெதிரே மாட்டிய இரு கண்ணாடிகளுக்கிடையே நின்றவன் தன்னுருவையே முடிவின்றிக் காண்பதுபோன்ற விளையாட்டு. வேண்டுமென்றே செய்த பகிடி. எங்கோ சிலர் சிரிப்பதற்காகச் செய்த பகிடி, இங்கே நோட்டன் பிரிட்ஜில் ஒரு குழந்தையின் இரண்டு புள்ளியைத் தின்றுவிட்டது. அதற்குக் கருவியாயிருந்தது எமது பேனா.

இப்பகிடி பி.எச்.பி.யோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார் 1970களின் பிற்பகுதியிலேயே இதில் கைதேர்ந்திருந்தனர். ஈமாக்ஸ் என்றொரு பதிப்பிக்கும் மென்பொருள் இருந்தது. அதைப்போல் வேறொன்று செய்தவர் அதற்கு ‘ஐன’ என்று பெயரிட்டார். விரித்தால், ஐன என்பது ஈமாக்ஸ் அன்று. அடுத்துச் செய்ததன் பெயர் ‘ஸ்வை’. விரித்தால், ஸ்வை முன்னர் ஐனவாக இருந்தது. ஜெர்மன் மொழியிலே அவ்விரு சொற்களும் ஒன்று, இரண்டு எனப் பொருள்படும்! சிலேடையில் ஊறிய தமிழன் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டேனென்றால் அவன் காளமேகத்தைப் படித்ததே வீண். நாமும் சிரித்தோம், சிரித்ததை மறைக்கவில்லை.

ஆயினும், சிரிப்பு வந்த பின்னரும் எமக்கு ஒரு கேள்வி எஞ்சி நின்றது. அதற்கு நன்னூலிலே இடமிருக்கிறது.

பவணந்தியார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்தார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. மூன்றாவது, ஒரு குழுவினர் தமக்குள்ளே வழங்கும் மறைசொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர். உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள் இவை. சொல்விளம்பி! உள்ளே போனதும் உள்ளதையெல்லாம் சொல்லவைப்பது. இப்பெயரிட்ட வேடனும் யுனிக்ஸுக்குப் பெயரிட்டவனும் ஒரே சாதி. மல்ட்டிக்ஸ் என்னும் பெரிய அமைப்பிலிருந்து விலகிய பெல் ஆய்வுகூடத்தார் சிலர், 1969இல் தாம் தொடங்கிய சிறிய அமைப்புக்கு, ‘மல்ட்டி’ என்ற பன்மையைக் கிண்டல் செய்து ‘யுனி’ என்ற ஒருமையால் பெயர் வைத்தனர். தொழில் செய்பவன் தன் தொழிற்பொருளுக்குப் பரிகாசப் பெயரிடுவது உலகத்து இயல்பு. அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் குழூஉக்குறி என்றால் என்ன? குழுவிற்குள்ளே ஓடவேண்டிய சொல். பொற்கொல்லன் ‘பறி’ என்பதை ஊரார் மீது திணிக்கவில்லை. ‘பறி என்பதை விரித்தெழுதுக’ என்று ஊர்ப்பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கவுமில்லை. மென்பொருட் குழுவின் கதை வேறு. அக்குழுவின் பட்டறை இன்று உலகத்தின் கச்சேரியாகவும் சந்தையாகவும் வங்கியாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆகிவிட்டது. பட்டறைக்குள்ளே நண்பர் நால்வர் சிரிக்க வைத்த பெயர், பட்டறைக்கு வெளியே நூறு கோடிப் பேருக்குக் கட்டளையாகிறது. சிரிப்பு அங்கே தங்கிவிட, மனப்பாடம் மட்டும் எமக்கு வந்து சேர்கிறது.

கொழும்பிலே மென்பொருள் எழுதும் நண்பரொருவரிடம் இதைச் சொன்னோம். அவர் எம்மைக் கேலி செய்தார். “பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரியாதவர்கள் இந்த வாத்திமார்தான். பெயரில் என்ன இருக்கிறது?” என்றார். எமக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவர் வார்த்தையைச் சோதிக்காமல் விட மனமில்லை.

உயர்தர மாணவர் படிக்கும் பைதன் மொழியை எடுத்துக்கொள்வோம். மலைப்பாம்பு என்று சொல்லிக்கொடுத்தவர் எம்போல் எத்தனை பேர்! பாம்பைப்போல் நெளிவு சுளிவு உடையதாதலின் இப்பெயர் என்று காரணமும் கற்பித்தோம். காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று பயின்ற மூளை காரணம் இல்லாவிடத்தும் ஒன்றைப் படைத்துவிடுகிறது. உண்மையில், 1991இல் அதை வெளியிட்ட கைடோ வான் ரொசம் பாம்பை நினைக்கவேயில்லை. 1969 முதல் பி.பி.சி. தொலைக்காட்சியில் நடந்த மொன்டி பைதன் என்னும் நகைச்சுவைக் குழுவை நினைத்தார். அம்மொழியைக் கற்பிக்கும் ஆவணங்களில் ‘ஸ்பாம்’, ‘எக்ஸ்’ என்று உதாரணப் பெயர்கள் வருவதும் அக்குழுவின் நாடகத்தினால்தான். உணவுக்கடையிலே எதைக் கேட்டாலும் தகரத்தில் அடைத்த ஸ்பாம் இறைச்சியே வந்து சேரும் காட்சி அது. வேண்டாத மின்னஞ்சலுக்கு அப்பெயர் வந்ததும் அங்கிருந்தே. இங்கிலாந்திலே யுத்தகாலப் பங்கீட்டை அனுபவித்தவனுக்கு அது வயிறு குலுங்கச் சிரிக்கும் செய்தி. எம் மாணவனோ அதனை ஒரு கட்டளைச்சொல்லென்று கருதி, ஸ்பாம் எழுதாவிட்டால் நிரல் ஓடாதென்று நம்பிக் கொப்பியில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறான். நண்பரே, பெயரில் இருப்பது இதுதான்: தெரிந்தவனுக்குச் சிரிப்பு, தெரியாதவனுக்குப் பயம்.

பகிடிக்கு ஓய்வு வேண்டும். யாக் என்னும் மென்பொருளின் விரிவு ‘இன்னுமொரு தொகுப்பி-தொகுப்பி’ எனச் சலித்துக்கொள்ளும் தொனி. யாகூ என்ற பெயரைத் தேர்ந்த ஸ்டான்பர்ட் மாணவர் இருவரும் அதே ‘இன்னுமொரு’வில் தொடங்கி நீண்டதொரு விரிவை அதற்குப் பொருத்தினர், சொல்லோ ஜொனதன் ஸ்விப்ட் 1726இல் எழுதிய கலிவரின் கதையில் வரும் காட்டுமனிதரின் பெயர். மிகுதியாயிருக்கும் இடத்தில்தான் ‘இன்னுமொன்றா!’ என்று சலிக்கமுடியும். ஒரு கணினிக்கு எட்டுப் பேர் சுற்றி நிற்கும் வகுப்பிலே அச்சலிப்பை எப்படி மொழிபெயர்ப்பது?

இனி, எம் வாசற்படிக்கே வந்த பகிடியைச் சொல்வோம். 1998 ஏப்ரல் 1ஆந் திகதி, இணையத்தின் விதிகளை வெளியிடும் குழுவினர், முட்டாள்கள் தினத்துக்கென ஒரு விதியை வெளியிட்டனர். இலக்கம் 2324. கோப்பிக் குவளையை இணையத்தின் வழியே கட்டுப்படுத்துவதற்கான நெறிமுறை. அதிலே, தேநீர்க் கெண்டி ஒன்றிடம் கோப்பி கேட்டால் அது 418 என்ற பிழையிலக்கத்தைத் திருப்பி, ‘நானொரு தேநீர்க் கெண்டி’ என்று பதிலிறுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 2014 ஏப்ரல் 1ஆந் திகதி தேநீருக்கென்றே தனி விரிவாக்கமும் வந்தது. 2017இல் ஒருவர், இப்பகிடி இலக்கம் உண்மையான மென்பொருள்களிற் புகுந்துவிட்டது, நீக்குங்கள் என்றார். உடனே அதைக் காக்க இயக்கம் நடந்தது! 2022இல் வெளிவந்த புதிய விதி, அவ்விலக்கத்தை வேறெதற்கும் பயன்படுத்தலாகாதென்று ஒதுக்கியே வைத்துவிட்டது.

ஒரு தேநீர்க் கெண்டியின் பகிடியைக் காக்க உலகெங்கும் குரல் எழுந்தது என்பதைத் தேயிலை மலையிலிருந்து படிக்கும்போது மனம் என்ன பாடுபடும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். ஆயிரம் ரூபாய் நாட்கூலி என்ற கோரிக்கை சம்பளச் சபையின் ஏட்டில் ஏறுவதற்கு 2021 வரை ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த மண் இது. நாம் அப்பகிடியை வெறுக்கவில்லை. உண்மையிலே அது நல்ல பகிடி. கெண்டியிடம் கோப்பி கேட்பவன் எங்குமிருக்கிறான். ஆயின் தேநீர் அங்கே மேசையிலிருந்து தொடங்குகிறது. மேசைக்கு முன்னே கொழுந்தும் கூடையும் அட்டையும் மழையும் உண்டென்பது அந்த நகைச்சுவையின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தேயிலைத் தொழிலுக்கும் தன் எழுத்துச் சுருக்கங்கள் உண்டு. பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., ஓ.பி., டஸ்ட் என்று தொழிற்சாலையிலே பெட்டிகளில் அச்சிடுவர். ஓ என்பது ஒரேஞ்ச். ஆனால் தோடம்பழத்துக்கும் அதற்கும் உறவில்லை. பெக்கோ என்பது தளிரின் வெண்பூழையைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து வந்தது. டார்ஜிலிங்கிலும் அசாமிலும் மிகவுயர்ந்த தரங்களுள் ஒன்றை எப்.டி.ஜி.எப்.ஓ.பி. என்பர். மிக நேர்த்தியான, பொன்னிற நுனியுடைய, பூப்போன்ற ஒரேஞ்ச் பெக்கோ என்று அதன் நீண்ட விரிவு. தேயிலை வியாபாரிகள் அதற்கு மற்றொரு விரிவைப் பகிடியாகச் சொல்லிக்கொள்வர்: ‘சாதாரண மக்களுக்கு மிகமிக அதிகமான நல்ல தேயிலை’. ஏலமண்டபத்துச் சிரிப்பு! பகிடியென்று சொல்லிக்கொண்டே உண்மையைப் பேசிவிட்டார்கள். பறிப்பவள் வீட்டில் கொதிப்பது தூள் அன்றோ?

மேலும் ஒரு படி இறங்குவோம். ஜாவா என்னும் கணினி மொழி 1995இல் சன் நிறுவனத்திலிருந்து வந்தது. முதலில் அதற்கு ஓக் என்ற மரத்தின் பெயர். அப்பெயர் வேறொருவருக்குச் சொந்தமாயிருந்ததால் மாற்றினர். அமெரிக்கப் பேச்சில் ஜாவா என்றாற் கோப்பி. பிறகு பகிடி கிளைவிட்டது. அம்மொழியின் உறுப்புகள் ‘பீன்ஸ்’, அதாவது கோப்பிக் கொட்டைகள். கோப்புகளைக் கட்டிவைக்கும் பொதி ‘ஜார்’. தொகுத்த ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதினாறடிமான எண்ணில் ‘கஃபே பேப்’ என்று ஒளித்திருக்கும். கோப்பிக்கடைக் குட்டி என்று பொருள் கொள்ளலாம். அப்பட்டறையில் சிரித்தவர் ஆணா பெண்ணா என்று கேட்கவும் வேண்டுமா?

ஜாவா என்றாற் கோப்பி என்று எப்படி ஆயிற்று? ஒல்லாந்தர் அத்தீவிலே கோப்பி பயிரிட்டனர். 1830இல் தொடங்கிய கட்டாயப் பயிர்முறையின் கீழ் ஜாவாவின் குடியானவன் தன் நிலத்தையும் உழைப்பையும் அரசுக்கு அளக்கவேண்டியதாயிற்று. முல்தாத்துலி என்னும் புனைபெயரில் ஒரு டச்சு அதிகாரியே 1860இல் நாவலெழுதி அக்கொடுமையை உலகறியச் செய்தார். அதே காலத்தில் இலங்கையிலும் கோப்பி. அக்கோப்பிக்காகவே எம் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்தனர். நடக்கையிலேயே வாந்திபேதியில் மடிந்தோர் கணக்கிலடங்கார். 1869இல் கோப்பியிலை நோய் வந்து தோட்டங்களை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பி போயிற்று, அதற்கென வந்தவர் போகவில்லை. கோப்பிக் கொட்டையை ஒரு பகிடியாக மட்டும் காண எமக்குக் கண் வரவில்லையென்றால், அது நகைச்சுவை உணர்வின் குறையா, நண்பரே?

இன்னும் கேளுங்கள். 2010இல் சன் நிறுவனத்தை ஒராக்கிள் விழுங்கியது. ஜாவா என்ற சொல் ஒராக்கிளின் வணிகச் சின்னமாயிற்று. அம்மொழியின் ஒரு பெரும் பகுதியைப் பொது அமைப்பொன்றிடம் ஒப்படைத்தபோது, பொருளைக் கொடுத்தார்கள், பெயரைக் கொடுக்கவில்லை. எனவே 2018இல் புதுப்பெயர் தேடினர். கிடைத்த பெயர் ஜகார்த்தா, அத்தீவின் மாநகரம்! 15 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தீவின் பெயர் கலிபோர்னியாவிற் பிறந்த ஒரு நிறுவனத்தின் பெட்டியிற் பூட்டியிருக்கிறது. பெயரில் ஒன்றுமில்லையென்றால் ஏன் பூட்டுகிறார்கள்? வழக்கறிஞர்க்கு ஏன் படியளக்கிறார்கள்?

பெயர் வெறும் பெயரன்று என்பதை அத்தொழிலே பின்னர் ஒப்புக்கொண்டது. ஒரு பொறி கட்டளையிட மற்றது பணிவதை ‘எசமானன், அடிமை’ என்று அவர்கள் நெடுங்காலம் எழுதிவந்தனர். 2018இல் பைதன் மொழியார் தம் ஆவணங்களினின்றும் அச்சொற்களை அகற்றினர். 2020இல் கிட்ஹப் நிறுவனம் ‘மாஸ்டர்’ என்ற வழக்கைக் கைவிட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுச்சி அப்போது வீதிக்கு வந்திருந்தது. வீதி பேசினால் பட்டறை கேட்கிறது. இந்தியாவிலே, மேல்நாட்டுக்கு இரவிரவாக வேலை செய்யும் இளைஞரை ‘சைபர் கூலி’ என்று பத்திரிகைகள் எழுதின. கூலி! ஆங்கிலத்துக்குத் தமிழ் ஈந்த செல்வங்களுள் முன்னிற்பது இச்சொல்லே. தோட்டத்துத் துரையின் வாயிலிருந்து கணினி யுகத்தின் வாய்வரை அது நடந்து வந்துவிட்டது.

இவ்வளவும் சொன்னதும், எம் இடதுசாரித் தோழர் சிலர், ‘இதையே நாங்களும் சொல்கிறோம், எல்லாம் ஏகாதிபத்தியக் கலாசாரம்’ என்று எழுந்து கைகொடுப்பார்கள். அவர்கள் கையையும் நாம் வாங்கத் தயாரில்லை. ஏனெனில் இந்தப் பகிடிகளுக்குள்ளே மிகக் கூர்மையான ஒன்று எம் பக்கத்தது. தோழர்கள் அதை அறியாதிருக்கிறார்கள்.

யுனிக்ஸ் ஒரு பெருநிறுவனத்தின் உடைமை. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் நிரலாளர், யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் அமைப்பை எழுதப்போவதாக அறிவித்தார். பெயர், க்னூ. ஆபிரிக்கப் புல்வெளியில் மேயும் ஒரு விலங்கு. விரிவோ, ‘க்னூ யுனிக்ஸ் அன்று’. பழைய விளையாட்டுத்தான்; ஆனால் இம்முறை அது பட்டறைக்குள் நின்ற சிரிப்பன்று. உன்னைப்போலவே செய்வேன், ஆனால் நீயல்லேன். உன் உடைமையல்லேன் என்ற மறுப்பு அந்த ‘அன்று’வில் இருக்கிறது. பின்னர் ‘கொப்பிலெப்ட்’ என்ற சொல் வந்தது. பதிப்புரிமை என்ற ஆங்கிலச் சொல்லின் ‘ரைட்’ என்பதற்கு உரிமை, வலப்பக்கம் என இரு பொருள்; அதைப் புரட்டி இடப்பக்கமாக்கினர். எடுத்தவன் எடுத்ததைப் பூட்டாமல் அடுத்தவனுக்கும் அதே உரிமையோடு கொடுக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1989இல் அது முறையான உரிமப்பத்திரமாயிற்று. முதலாளியின் சட்டத்தையே எடுத்து முதலாளிக்கு எதிராகத் திருப்பிய சாமர்த்தியம் அது. உரிமப் பணம் கொடாமல் எம் பாடசாலையின் பழைய கணினிகள் இன்றும் ஓடுவது அச்சிரிப்பின் புண்ணியத்தினால். பொதுவுடைமையைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம், பொதுவுடைமையாகவே இயங்கும் ஒன்றைக் கைகளில் வைத்துக்கொண்டு அறியாதிருப்பது வெட்கக்கேடு. ‘அளிப்புரிமை’ என்று அதைத் தமிழாக்கினர் சிலர். பொருள் வந்தது, சிரிப்பு வரவில்லை. தமிழின் உரிமைக்கு இடமும் வலமும் இல்லாதது யார் குற்றமுமன்று.

மறுபுறம், எதைக் கண்டாலும் தனித்தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றிருக்கும் அன்பர்கள். இவர்களுடைய உழைப்பை நாம் மதிக்கிறோம். கணினி, மென்பொருள் போன்ற சொற்கள் வாராதிருந்தால் வகுப்பிலே வாய் திறக்கமுடியாது. ஆனால் பகிடிப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘மலைப்பாம்பு மொழி’ என்று ஏட்டிலேற்றுவது அறியாமையைச் செந்தமிழில் எழுதுவதாகும். பெயர்ப்பது ஒன்று, பெயரிடுவது வேறொன்று. பெயரிட்டவரும் எம்மிடையே உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய மென்பொருள் ‘முரசு’. விசைப்பலகைக்குத் தமிழ்நாட்டார் இட்ட பெயர் ‘இ-கலப்பை’. எழுத்தை உழவோடு இணைத்த அப்பெயரைக் கேட்டாலே மண் மணக்கிறது. உலகத் தமிழ் தகவல் தொழினுட்ப மன்றம் 2000இல் அமைந்தபோது முதலெழுத்துக்களைக் கூட்டி ‘உத்தமம்’ ஆக்கினர். சற்றே தற்புகழ்ச்சிதான், மன்னிக்கலாம்.

இத்தீவின் சிங்கள இளைஞரும் சும்மாயிருக்கவில்லை. அப்பாச்சி அமைப்பின் கீழ் உலகம் பயன்படுத்திய மென்பொருள்களுக்கு அவர்கள் சந்தேச, நீதி, கண்டுல என்று பெயரிட்டனர். செய்தி தவறாமற் போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் மென்பொருளுக்குச் சந்தேச. எம் தூது இலக்கியத்துக்குச் சகோதரமான சிங்களச் சந்தேச காவியங்களை அறிந்தவன் இப்பெயரின் அழகை உணர்வான். கண்டுல என்பது துட்டகைமுனுவின் யானை. எல்லாளனை நினையாமல் தமிழ் வாசகன் அப்பெயரை வாசித்தல் அரிது. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் காணாமற்போனோரையும் நிவாரணத்தையும் கணக்கிட இங்கே எழுதிய மென்பொருளின் பெயர் ‘சஹன’. சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். அதே வேரிலிருந்து நமக்குக் கிடைத்தது ‘சகித்தல்’. அவர்களுக்கு ஆறுதல், எமக்குப் பொறுத்துக்கொள்ளல்! சொல்லாராய்ச்சி சிலவேளை அரசியலைவிட நேர்மையாகப் பேசிவிடுகிறது.

எமக்குப் பொறுத்துக்கொள்ளப் பழக்கமுண்டு. இலங்கையின் கச்சேரிகளிலும் பாடசாலைகளிலும் நெடுங்காலம் ஆட்சிசெய்த பாமினி எழுத்துருவில், தமிழ் என்ற சொல்லை அடிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையும் அடிக்கவேண்டும். அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே பல்லிளிக்கும். யூனிக்கோட் வந்தபின்னும் எழுத்துரு இல்லாதவிடத்தில் வெறும் கட்டங்கள் வரிசையாய் நிற்கும். அக்கட்டங்களுக்கு மென்பொருளார் இட்ட குழூஉக்குறி ‘டோபு’, சோயாக் கட்டி. கூகிள் நிறுவனம் அக்கட்டங்களை ஒழிக்க எழுத்துருத் தொகுதி செய்து, ‘டோபு வேண்டாம்’ என்பதைச் சுருக்கி ‘நோட்டோ’ எனப் பெயரிட்டது. நல்ல வேலைதான், தமிழும் சிங்களமும் அதனால் நன்மை பெற்றன. ஆயினும் எம் பிள்ளையின் பெயர் விண்ணப்பப் படிவத்திலே கட்டங்களாய் வந்த அன்று, அது எமக்குச் சோயாக் கட்டியாகத் தோன்றவில்லை. பிறப்பு அத்தாட்சியிலே ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒன்று, அடையாள அட்டையில் மற்றொன்று என்று மூன்று பெயரோடு அலையும் சனம் இது. அதன்மேல், ‘குடும்பப் பெயரை நிரப்பாமல் மேலே செல்லமுடியாது’ என்று கணினியும் மறிக்கிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து வாழும் மனிதன் அங்கே எதை நிரப்புவான்?

பெயரிடத் தெரியாதவர்களா எம் மக்கள்? துரைமார் டங்கெல்ட், ஸ்ட்ராத்ஸ்பே என்று தம் ஸ்கொத்லாந்தை இம்மலைகளில் ஒட்டிவைத்தனர். டல்ஹவுசி என்று அவர்கள் சொன்ன இடத்தை எம்மவர் நல்லதண்ணி என்றனர். இன்று சிவனொளிபாதம் ஏறப் போகிறவன் நல்லதண்ணிக்கே போகிறான். குறித்த அளவு கொழுந்து சேராத நாளுக்கு ‘அரைப்பேர்’ என்று பெயர். ஒரு நாளின் உழைப்பை ஏட்டில் பதிவது ‘பேர் போடுதல்’. மனிதனின் பெயரையே பாதியாக வெட்டிக் கூலி கொடுக்கும் முறையை இதைவிடச் சுருக்கமாக எந்த நிரலாளன் குறியிட்டிருப்பான்? அதிலே ஒரு கசந்த சிரிப்பும் உண்டு. அச்சிரிப்பை எந்த அகராதியும் ஏற்றவில்லை.

எனவே நாம் கேட்பது பெரிதன்று. கணினிப் பாடத்திலே சுருக்கத்துக்கு விரிவு கேட்கும் வினாக்களை ஒழியுங்கள். அல்லது பகிடியைப் பகிடியாகவே கற்பியுங்கள். இப்பெயரை யார் வைத்தார், எப்போது, யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் எம் ஊர் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சக்கரத்தை 1965 முதல் சுழற்றிவருகிறது; 50 மெகாவாட். கொழும்பின் கணினிகள் ஓடும் மின்சாரத்தில் எம் பள்ளத்தாக்குக்கும் பங்குண்டு. அதில் ஐந்து நிமிடப் பகிடி எம் வகுப்புக்கும் திரும்பி வரட்டுமே.

அந்த இரண்டு புள்ளியையும் திருத்த முயன்றோம். பதிவேடு மேலே போய்விட்டது, இனி மாற்ற இயலாதென்று சொல்லிவிட்டார்கள். வகுப்பிலே எழுந்து நின்று, நாம் செய்தது பிழை என்று அப்பெண்ணிடம் சொன்னோம். பிறகு க்னூவின் கதையையும் ஐன, ஸ்வை கதையையும் விரித்துச் சொல்லி, தமிழிலே இப்படியொன்று செய்யமுடியுமா என்று கேட்டோம். கால்மணி நேரம் எவரும் பேசவில்லை. கடைசியில் அவளே எழுந்து வந்து கரும்பலகையில் ‘மலை’ என்று எழுதினாள். பக்கத்திலே விரிவு எழுதினாள்: ‘மலை லைனல்ல’. லயம் என்று நாம் ஏட்டில் எழுதுவதைத் தோட்டத்தில் லைன் என்றே சொல்வார்கள். முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு வகுப்பே சிரித்தது. பின்வாங்கிலிருந்து ஒரு பையன், “அப்ப அந்த முதல் மலைக்கு என்ன விரிவு?” என்று கேட்டான்.

“மலை லைனல்ல” என்றாள் அவள். மணி அடித்துவிட்டது.